கொள்ளிடத்தில் கரைந்த அரசன்

தண்ணீரில் விழும்போது அவை சத்தமே போடவில்லை, வெந்து வெளுத்த எலும்புத் துண்டுகள், கொள்ளிடத்துக் கலங்கலில் ஒரு கணம் மினுங்கிவிட்டுக் காணாமல் போகின்றன, கோமளவல்லி கண்ணை மூடினாலும் திறந்தாலும் அதுதான், தொல்லியல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதுதான். இடிந்த சிவன் கோயிலுக்குப் பின்னால் அவள் தோண்டிய குழி, நிருபசேகர சோழனின் அஸ்தியை வைத்து அதன்மேல் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இது என்று நிரூபித்துவிட வேண்டும், அவளுடைய படிப்பும் பிழைப்பும் பிடிவாதமும் அந்த ஒன்றில்தான் இருந்தன, ஆனால் அன்று ஜீப்பில் வெள்ளைத் துணி சுற்றிய அம்மா குஞ்சம்மாளின் அஸ்தி இருக்கிறது, சாயங்காலம் கரைக்க வேண்டும், அழக்கூட நேரமில்லாமல் குழிக்குள் நிற்கிறாள், அப்போது ஒரு மண்கலயம் அகப்படுகிறது, உள்ளே எலும்பு, ஒட்டினாற்போல் ஒரு பிளாஸ்டிக் சீப்பு. கூலியாட்களின் மேஸ்திரி வடுகநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது பழசு இல்லம்மா, ஆத்துக்குப் போக வழியில்லாதவங்க கோயிலுக்குப் பின்னாடி புதைச்சு வைப்பாங்க, அப்புறம் மறந்துருவாங்க, பாவம், யாரு பெத்ததோ என்கிறார். வேறொரு நாளாக இருந்தால் படம் எடுத்து, எண் போட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பாள், அன்று அவள் வெறும் மகள், அதையும் எங்க அம்மாவோட சேர்த்துக் கரைச்சுடலாம் அண்ணே, பாவம், எத்தனை நாள் காத்துக் கிடக்கும் என்றாள்.

மழைக்காலம் போய்க் குழி இன்னும் ஆழமானபோது, கலயம் இருந்த இடத்துக்கு நேர் கீழே கல்வெட்டு வந்தது, நிருபசேகர தேவரின் எலும்பைக் கலசத்தில் இட்டு இங்கே வைத்தோம் என்று, கலயத்தின் அடி அச்சாகப் பொருந்துகிற பள்ளமும் அந்தக் கல்லிலேயே இருந்தது, பக்கத்தில் எலிவளை, சீப்பை எலிதான் இழுத்து வந்திருக்கும்மா, நாமதான் ஏமாந்துட்டோம் என்று வடுகநாதன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு பாராட்டு விழா, மாலை கழுத்தை உறுத்துகிறது, அரசரின் எலும்புகள் காலத்தில் அழிந்திருக்கலாம் என்று மேடையில் சொல்கிறாள், யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆடி அமாவாசை, படித்துறையில் ஒரே கூட்டம், எள்ளும் தண்ணீருமாய் உட்கார்ந்திருக்கிறாள், யாருக்கும்மா, பேர் சொல்லுங்கோ என்கிறார் சாஸ்திரிகள், வாயைத் திறந்தால் நிருபசேகரன் என்று வருகிறது, அவர் உங்களுக்கு என்ன முறை வேணும் என்று கேட்கிறார் சாஸ்திரிகள். அம்மாவை முதலில் விட்டாளா, பிறகா, சாம்பல் மிதந்ததா, உடனே அமிழ்ந்ததா, அப்போதாவது அழுதாளா, ஒன்றும் நினைவில்லை, எத்தனை முறை மனசால் அந்தச் சாயங்காலத்துக்குப் போய்ப் பார்த்தாலும் தண்ணீரில் விழுவது அவன் எலும்புகள்தான். அவனுக்குக் கோயில் இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, பாடப்புத்தகத்தில்கூடச் சேர்த்துவிட்டார்கள், அம்மாவுக்கென்று இருந்தது மகள் பார்த்த அந்த ஒரு சாயங்காலம்தான், அதையும் அவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அம்மா, பேரு, என்கிறார் சாஸ்திரிகள் மறுபடியும். குஞ்சம்மாள், என்கிறாள், தண்ணீரைப் பார்க்காமல்.