பொன்முடிக்கு வந்த கப்பல்

சுந்தரராமனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு துணி வேண்டியிருந்தது. மனைவி சூடாமணி தன் பழைய புடவையின் கரையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கட்டி முடித்த பிறகும் வலது விரல் மட்டும் முடிச்சை மீறிக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். பேச்சு சூடு பிடிக்கும்போது முதலில் அந்த விரல் எழுந்திருக்கும், அதற்குப் பிறகுதான் பொய் எழுந்திருக்கும் என்று வலியசாலைத் தெருவில் ஓர் அபிப்பிராயம் உண்டு.

"கடைசியா என்ன சொன்னார்?" என்று அடுத்த வீட்டு நாகலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ராம ராமன்னார்," என்றாள் சூடாமணி.

அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலையில் தண்ணீர் கேட்டார். வெள்ளிக் கிண்ணத்தில் கங்கா ஜலம் கொண்டுபோனாள். வேண்டாமென்று தலையை அசைத்தார். கிணற்றடிச் சுவரில் ஆணியில் தொங்கும் மரப்பட்டைக் குவளையில் கொண்டுவந்த பிறகுதான் வாயைத் திறந்தார். இரண்டு மிடறு குடித்துவிட்டு, "மிச்சத்தைக் கீழே கொட்டிடு," என்றார். கொட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள் போய்விட்டார். இதையெல்லாம் நாகலக்ஷ்மியிடம் சொல்ல முடியாது.

போன வருஷத்து வெள்ளத்தைப் பற்றித் தெருவில் அவரவர் ஒரு கதை வைத்திருந்தார்கள். ஒருவர் வீட்டு உரல் மிதந்து போயிற்று. இன்னொருவர் முதலையின் மேல் நின்றுகொண்டு அதைப் படிக்கட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார். சுந்தரராமன் மட்டும் வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்த விஷயம் என்றால் அவருக்கு வாய் வராது என்று தெரு தீர்மானித்துக்கொண்டது.

அவருக்கு வாய் வந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். போர்த்துகல்.

போர்த்துகல்லில் கடலோரத்துப் பட்டணங்களைப் பற்றி அவர் பேச மாட்டார். அதெல்லாம் எல்லா ஊர் பட்டணத்தையும் போலத்தான் என்று ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார். உள்நாட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்பார். அங்கே மலை உச்சியில் ஒரு கிராமம். யானைக்கூட்டம் படுத்த மாதிரி பாறைகள். ஒவ்வொரு பாறைக்கும் அடியில் ஒரு வீடு. சுவர் மூன்று பக்கம் கட்டினால் போதும், கூரைக்குப் பாறையே உட்கார்ந்திருக்கும். பல ஊர்களில் கொக்கைவிடப் பெரிய பறவை ஒன்று கோயில் மணிக்கூண்டில் கூடு கட்டிக் குடும்பம் நடத்தும். மணி அடித்தால் அலகைத் தட்டித் தாளம் போடும். ஓரிடத்தில் கோயில் சுவர் முழுக்க மனிதர்களின் எலும்பும் மண்டை ஓடும் பதித்திருக்கும். இன்னோரிடத்தில் தானியத்தைக் கல்லறை மாதிரி ஒன்று கட்டி, அதற்குக் கால் வைத்து, மேலே சிலுவையும் நட்டு, அதற்குள் கொட்டி வைப்பார்கள். "எலிக்குப் பயம். சிலுவையைப் பார்த்தா எலி ஏறாது," என்பார். இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் அவர் சொந்தச் சரக்கு. மற்றதெல்லாம் நிஜம்.

நிஜம் என்று தெருவில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் சுந்தரராமன் பொன்முடியில் ஒரு பறங்கித் துரையின் தேயிலைத் தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். துரைக்கு உடம்பு கெட்டுச் சொந்த ஊரான போர்த்துகல்லுக்குக் கிளம்பியபோது கணக்குக்கு இவரையும், மிளகு ரசம் இல்லாமல் இருக்க முடியாது என்பதால் சமையற்காரனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். துரை உடம்பு தேறி ஊர் ஊராக மாட்டுவண்டியில் சுற்றிக் காட்டினார். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்த சுந்தரராமன் கிணற்றடியில் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் கடல் தாண்டிட்டேண்டி. வெளியில தெரிஞ்சா தெருவில நமக்குத் தண்ணி கிடைக்காது." பொன்முடியில் குளிர்க் காய்ச்சலில் கிடந்தார் என்று வீட்டில் சொல்லி வைத்தார்கள். அந்த மலைக்கு யார் ஏறிப்போய் விசாரிக்கப் போகிறார்கள்?

ஆனால் சாலைக் கடைவீதியில் ஒரு மளிகை வியாபாரி, தூத்துக்குடித் துறையில் அவரைப் பெட்டியும் கையுமாகப் பார்த்ததாகக் கிசுகிசுக்க ஆரம்பித்தார். கிசுகிசுப்பு தெருமுனை வரைக்கும் வந்துவிட்டது. சுந்தரராமன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் கோயில் குளத்துப் படியில் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "ஓய், நான் போர்த்துகல் போயிருந்தேன், கேட்டேளா? அங்கே வீட்டுக்கு மேலே யானை பருமன் பாறைதான் கூரை," என்று உரக்கத் தொடங்கினார்.

ஒரு வாரத்தில், காய்ச்சல் பிதற்றலை நம்பியவர் என்று மளிகை வியாபாரியைப் பார்த்துத் தெரு சிரிக்க ஆரம்பித்தது.

அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷம் அவர் தினமும் உண்மையைச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. குடும்பம் பிழைத்தது. பிள்ளை ஸ்ரீகண்டனுக்குப் பூணூல் போட்டார்கள், வேதம் சொல்லிக் கொடுத்தார்கள், ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா வேலையும் ஆயிற்று. அங்கே கூட வேலை பார்க்கிறவர்கள் அவனைக் கண்டதும், "எந்தா சுவாமி, போர்த்துகல்லில் மழை உண்டோ?" என்பார்கள். அப்பா பக்கத்தில் நடக்கவே அவனுக்குக் கூச்சம். அவனிடம் சூடாமணி உண்மையைச் சொன்னதில்லை. அவனுக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது.

இப்போது ஈரவேட்டியோடு அவன் தகப்பனார் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தான். புரோகிதர் நாகேஸ்வர வாத்தியார் தர்ப்பையை எடுத்து அவன் விரலில் மாட்டப்போனார். அந்தச் சமயத்தில் வாசலில் யாரோ தேம்பும் சத்தம் கேட்டது.

வெள்ளைக் கோட்டும் அக்குளில் குடையுமாகத் தெருவில் நின்றார் ஒரு கிழவர். படியில் கால் வைக்கவில்லை. கையில் இலையில் பொதிந்த ஒரு சிறு பொட்டலம்.

"சுகமில்லைன்னு கேள்விப்பட்டு விதுரையில இருந்து நேத்தே புறப்பட்டேன். பாக்கக் குடுத்து வைக்கலியே," என்றார்.

"நீங்க யாரு?" என்றான் ஸ்ரீகண்டன்.

"சுவாமிதாஸ். தோட்டத்துல சமையல் பாத்தவன். உங்க அப்பாகூட கப்பல்ல போனவன் நான்தான் தம்பி."

நாகேஸ்வர வாத்தியார் தர்ப்பையைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"எந்தா சொன்னீர்? கப்பலா?"

"ஆமா சாமி. தூத்துக்குடியில ஏறி, கொழும்புல வேற கப்பல் மாறி..."

தூத்துக்குடி என்ற வார்த்தை விழுந்ததும் ஓரமாக நின்ற இரண்டு கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மளிகை வியாபாரி செத்துப் பல வருஷமாகிவிட்டது. அவர் சொன்னது சாகவில்லை போலிருக்கிறது.

"ஸ்ரீகண்டா," என்றார் வாத்தியார், சாந்தமாகத்தான். "எனக்கு உங்க அப்பாகிட்ட ஒரு விரோதமும் இல்லே. ஆனா சமுத்திரம் தாண்டினது வாஸ்தவம்னா, பிராயச்சித்தம் பண்ணாத தேகத்துக்கு நான் மந்திரம் சொல்லப்படாது. தோள் கொடுக்கவும் ஆள் வராது. தெரிஞ்சுண்டு பண்ணினா என் குடும்பத்துக்கும் சேர்ந்துதான் விலக்கு."

ஸ்ரீகண்டன் வெளுத்துப்போனான். வாழ்நாள் முழுக்க அப்பாவுடைய பொய்க்கு வெட்கப்பட்டவன், இன்றைக்கு அது பொய்யாகவே இருக்க வேண்டுமே என்று உள்ளே திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

சூடாமணி வாசல் நிலைக்கு வந்து நின்றாள். நாலு ஆண்களுக்கு நடுவில் அவள் குரலைத் தெரு கேட்டதில்லை. சுவாமிதாஸை அவள் பார்த்ததும் இல்லை. பெயரும் ரசத்தின் கீர்த்தியும்தான் தெரியும். சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட மனுஷன், சர்ச்சில் பெரிய ஆள் என்று சுந்தரராமன் சொல்லியிருக்கிறார். அதுதான் இப்போது பயமாக இருந்தது.

"சுவாமிதாஸ்," என்றாள். "கப்பல் கிடக்கட்டும். போன இடத்துல வீட்டுக்குக் கூரை என்னன்னு சொல்லும்."

சுவாமிதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாறைதாம்மா. நம்ம வீடு இருக்கிற அகலத்துக்கு ஒரே பாறை. அதுக்கு அடியில அடுப்பு வச்சுச் சமைச்சிருக்கேன்."

பின்னாலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"மரத்துக்குத் தோல் உரிப்பாளாமே?" என்றாள் சூடாமணி.

"உரிப்பாங்கம்மா. கோடாலியால கீறி, சட்டையக் கழத்துத மாதிரி முழுசா எடுத்துருவாங்க. மரம் சாகாது. செக்கச்செவேல்னு நிக்கும். உரிச்ச வருசத்த அது மேலேயே பெயிண்ட்ல எழுதி வைப்பாங்க. ஒம்பது வருசம் கழிச்சு மறுபடி சட்டை வளந்திரும்."

நாகேஸ்வர வாத்தியாரின் மீசையில்லாத மேலுதடு லேசாக நடுங்கிற்று. துக்க வீடு என்பதால் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"எலும்புக் கோயில்?"

"தூண், சொவரு, எல்லாம் எலும்புதாம்மா. நான் உள்ள போகல. ஐயாதான் போயி ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்துட்டு, 'இவாளுக்கெல்லாம் காரியம் யார் பண்ணினா தாஸே?'ன்னு கேட்டாங்க."

அது சூடாமணிக்குத் தெரியாத ஒன்று. அவர் அவளிடம் சொன்னதில்லை.

தெரு சிரிக்க ஆரம்பித்துவிட்டது. சாவு வீட்டுச் சிரிப்பு. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. "பொன்முடிக் கொசு ரெண்டு பேரையும் ஒரே நாளில் கடிச்சிருக்கு," என்றார் ஒருவர். "குருவுக்கேற்ற சிஷ்யன்," என்றார் இன்னொருவர்.

"பைபிள் மேல சத்தியமா சொல்லுதேன்!" என்றார் சுவாமிதாஸ். அவர் முகம் சிவந்துவிட்டது. சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடிற்று.

ஆனால் நாகேஸ்வர வாத்தியார் அவ்வளவு சுலபமான ஆள் இல்லை. தர்ப்பையை எடுக்கக் கையை நீட்டியவர், பாதியில் நிறுத்தினார்.

"அதெல்லாம் மதி, போரும். ஒண்ணே ஒண்ணு. தூத்துக்குடின்னு சொன்னீரே. கப்பல் எங்கேர்ந்து ஏறினேள்? அதை மட்டும் யோசிச்சு நேராச் சொல்லும்."

சுவாமிதாஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் நிலைப்படியில் நின்றவளைச் சரியாகப் பார்த்தார். அவள் தலை அசையவில்லை, கண்ணும் அசையவில்லை. அவளுக்குப் பின்னால், தரையில் படுத்திருந்தவரின் பாதங்கள் தெரிந்தன. கட்டை மீறிக்கொண்டு ஒரு விரல் நின்றது. சுவாமிதாஸ் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்முடியிலும் கப்பல் தளத்திலும் ஆட்டிடையர் குடிசையிலும் எழுந்த விரல்தான். அவர் வாய் மூடிற்று. மறுபடி திறந்தபோது குரல் தணிந்திருந்தது.

"பொன்முடியிலதான் சாமி ஏறினோம்."

"பொன்முடியிலா?"

"ஆமா. கடைசி வளைவுக்கு மேல. பனி எறங்கினா கப்பல் அதுவரைக்கும் வந்து நிக்கும். பெட்டியத் தூக்கி உள்ள வச்சிட்டு ஏறிக்கிட வேண்டியதுதான்."

நாகேஸ்வர வாத்தியாரே முதலில் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாவம், சுந்தரராமன். இப்படி ஒருத்தன் உலகத்துல பாக்கி இருக்கான்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பான்," என்றார். தர்ப்பையை எடுத்து ஸ்ரீகண்டனின் விரலில் மாட்டினார். "ம், சொல்லு. கோத்ரம்..."

காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. தோள் கொடுக்க நாலு பேருக்கு எட்டுப் பேர் வந்தார்கள். நெருப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு இறங்கிய ஸ்ரீகண்டன் சுவாமிதாஸைக் கடந்து போகும்போது, "ரொம்ப உபகாரம்," என்று முணுமுணுத்தான். அப்பா பொய்யர்தான் என்று தீர்ந்துவிட்டதில் அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சூடாமணி அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி பாயைச் சுருட்ட உள்ளே போனாள்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். எல்லோரும் தலைமுழுகினார்கள். சூடாமணி கிணற்றடியிலிருந்து ஈரப்புடவையோடு வந்தபோது எதிர்ச்சாரி நிழலில் சுவாமிதாஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கரமனைச் சுடுகாட்டுக்குப் பிணத்தோடு போக அவருக்கு முறையில்லை. விதுரைக்குத் திரும்பவும் மனமில்லை. பொட்டலம் கையிலேயே இருந்தது.

"யாரையாவது விட்டு வாசலோட போகச் சொல்லட்டுமா?" என்றாள் நாகலக்ஷ்மி.

சூடாமணி திரும்பிக் கிணற்றடிக்குப் போனாள். ஆணியிலிருந்து மரப்பட்டைக் குவளையை எடுத்துக் கிணற்றில் புதுசாக இறைத்த தண்ணீரை நிரப்பினாள்.

"அடியே, அவனுக்கு நம்ம பாத்திரத்துலயா?"

"தீட்டு ஆத்துல இன்னிக்கு இனிமே என்ன தீட்டு?" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.

சுவாமிதாஸ் பொட்டலத்தை நீட்டினார். "தோட்டத்து மிளகும்மா. ரசத்துக்குக் கேட்டிருந்தாங்க."

வாங்கிக்கொண்டாள். குவளையைக் கொடுத்தாள்.

அவர் கையில் வாங்கியதுமே அதன் எடையில்லாத எடை தெரிந்துவிட்டது. விரலால் விளிம்பைத் தடவினார். இடையன் ஒருவன் கத்தியால் செதுக்கிய தழும்பு அப்படியே இருந்தது. அந்த ஊர் வழியெல்லாம் ஊற்றுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு குவளை தொங்கும். வழிப்போக்கன் யார் வேண்டுமானாலும் எடுத்துக் குடிக்கலாம் என்று சுந்தரராமன் சொல்லி அவளுக்கு நினைவிருந்தது.

சுவாமிதாஸ் நிதானமாகக் குடித்தார். அடியில் கொஞ்சம் இருக்கும்போது நிறுத்தி, மிச்சத்தைத் தரையில் கொட்டினார். பிறகு குவளையைக் கவிழ்த்து உதறிவிட்டு, அடுத்து வருகிறவனுக்காக அதை மாட்டி வைக்க அந்தத் தெருச் சுவரில் ஓர் ஆணி தேடினார்.