கண்டல் ஓடைக்குள் வந்த பீரங்கிப் படகு

பெரிய போர்க்கப்பல்கள் ஆழ்கடலிலேயே நின்றுவிடும். சூலுக் கடலில் எங்களைப் பிடிப்பதற்கென்றே ஸ்பெயின்காரன் கட்டிய சின்னப் பீரங்கிப் படகுகள்தான் எங்களைக் குலைநடுங்க வைத்தன. ஆளுயரத் தண்ணீர் இருந்தால் போதும், உள்ளே வந்துவிடும். அனுமதிச் சீட்டில்லாத படகைக் கண்டால் கொளுத்துவார்கள். எங்களுக்கு வீடே படகுதான்.

அன்று தொலைவில் பீரங்கிப் படகின் புகையைக் கண்டதும் என் கணவர் இந்தாசன் படகைக் கண்டல் காட்டுக்குள் தள்ளினார். மடியில் கைக்குழந்தை. பின்னாலேயே ஓடைக்குள் நுழைந்த பீரங்கிப் படகு, நீர் வற்றியதில் கல்லெறி தூரத்தில் தரைதட்டி நின்றது. எங்கள் படகும் சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

பிள்ளை சிணுங்கும்போதெல்லாம் மார்போடு அழுத்தினேன். மூச்சு முட்டிவிடுமோ என்று பயம். அழுதுவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிது.

நீர் ஏறத் தொடங்கியதும் ஒரு மாலுமி கழியால் ஆழம் பார்த்தபடி இடுப்பளவு நீரில் வந்தான். கிளையை விலக்கியவனின் கழுத்தைத் தொட்டு நின்றது இந்தாசனின் மீன் ஈட்டி முனை.

“குத்திராதண்ணே,” என்று கிசுகிசுத்தான். “நான் ஸ்பெயின்காரன் இல்ல, வடக்க விசாயாத் தீவுக்காரன்.”

“வாயத் தெறந்தே, தீந்தே.”

“தெறக்க மாட்டேன். ஆழம் எங்கன்னு மட்டும் சொல்லுங்க. இங்கயே மாட்டிக்கிட்டா கேப்டன் பயத்துல காட்டப் பாத்துச் சுடச் சொல்லுவான்.”

“வலப்பக்கம் போங்க,” என்றார் இந்தாசன்.

அங்கே இருந்தது பவளப்பாறை. மோதினால் அந்தப் படகு இங்கேயே கிடக்கும், பீரங்கியும் கிடக்கும். என் நாக்கு தானாகப் புரண்டது.

“அங்க பாறை தம்பி. இடப்பக்கம், பட்ட மரத்த ஒட்டிப் போங்க.”

“உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா புள்ள?”

“அவங்க போனாப் போதுங்க.”

மாலுமி கழியை ஊன்றியபடி திரும்பிப் போனான். “வெறும் காடுதான், ஆழம் இடப்பக்கம்,” என்று அவன் சொல்வது கேட்டது. இயந்திரம் உறுமியது. பீரங்கிப் படகு பட்ட மரத்தை உரசிக்கொண்டு வெளியேறியது.

“இப்ப வழி தெரிஞ்சுபோச்சு. திரும்ப வருவான்,” என்றார் இந்தாசன்.

பக்கத்து ஓடைகளில் ஒளிந்திருந்த படகுகளுக்கெல்லாம் சொல்லி, எல்லோருமாகத் தெற்கே துடுப்பு வலித்தோம். மறுநாள் அந்தப் புகை வேகம் குறைக்காமல் ஓடைக்குள் போவதைத் தொலைவிலிருந்து பார்த்தோம். அங்கே யாருமில்லை என்று தெரிந்தும் பிள்ளையை மார்போடு அழுத்திக்கொண்டேன்.