முப்பது நொடி ஓய்வு

ராஜபாளையத்தில் அந்த பிசியோதெரபி நிலையத்துக் கட்டிலில் படுத்தபடி மலைச்சாமி கைக்கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற ஏட்டு. முப்பத்தொரு வருட சர்வீஸில் அவர் சந்தேகப்படாதது ஸ்டேஷன் வாசல் வேப்பமரம் ஒன்றைத்தான். அதையும் இரண்டு தடவை விசாரித்தார் என்று பேச்சு.

மூட்டு மாற்றிய வலது காலில் தொடைச் சதை வற்றிப்போயிருந்தது. அதில் பட்டைகளை ஒட்டி, கரண்ட் வைத்து வலு ஏற்றிக்கொண்டிருந்தாள் பிசியோதெரபிஸ்ட் வெங்கடேஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இருபது வருடமாக வடம் தொடாமல் இருந்ததில்லை அவர். கம்பில்லாமல் நடந்தால்தான் இந்த வருடமும் தொட முடியும்.

தொடை பத்து நொடி இறுகியது. பிறகு முப்பது நொடி சும்மா. மறுபடி பத்து. கணக்குப் போட்டார்: இருபது நிமிடத்தில் கரண்ட் ஓடியது ஐந்தே நிமிடம்!

மனைவி செல்வலட்சுமியின் காதில் கிசுகிசுத்தார். அது சோழபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். "ஏட்டி, முக்கால்வாசி நேரம் மெஷின் தூங்குது. காசுக்காக நாள இழுத்தடிக்கப் பாக்குது இந்தப் புள்ள."

"அவகிட்டயே கேளுங்களேன்."

"திருடன்கிட்டப் போயி திருடுனியான்னா கேப்பாக?"

வெங்கடேஸ்வரி வந்தாள். "எப்படி இருக்கு ஐயா? சதை நல்லா இறுகணும். ஆனா சுள்ளுனு குத்தவோ எரியவோ கூடாது."

"கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல," என்று, கரண்டைக் குறைத்துவிடுவாளோ என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அவள் தொடையைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் இறுகுது. இது போதும்."

அவள் அடுத்த அறைக்குப் போனதும் ஏட்டய்யா சோதனையில் இறங்கினார். மெஷின் திரையில் ஓய்வு நேரம் முப்பது என்று எரிந்தது. பொத்தானை அமுக்கி இரண்டாக்கினார். கையோடு கரண்டையும் நாலு புள்ளி ஏற்றினார்.

தொடை முரட்டுக்காளையாகத் துள்ளியது. விட்டால் இறுகியது, இறுகினால் விட மறுத்தது. அவர் போட்ட கூச்சலில் பிளவக்கல் அணைத் தண்ணீரே அலையடித்தது என்று செல்வலட்சுமி இன்றும் சத்தியம் செய்கிறாள். வெங்கடேஸ்வரி ஓடிவந்து நிறுத்தினாள்.

மறுநாள், நேற்று வரை ஒரு சாண் எழும்பிய கால் விரற்கடைகூட எழும்பவில்லை.

"சதை அடியோட களைச்சுப்போச்சு ஐயா. ஒரு வாரம் கரண்ட் கிடையாது," என்றாள் வெங்கடேஸ்வரி. "அந்த முப்பது நொடியிலதான் சதை மூச்சு வாங்கும். மூச்சு வாங்குனாத்தான் அடுத்த தடவை முழுசா இறுகும், வலு ஏறும். அது அளந்து வச்ச நேரம்."

"அப்ப தேரு?"

"இந்த வருசம் கம்போட ரதவீதியில நின்னு கும்பிட்டுக்கோங்க."

மலைச்சாமி கட்டிலோரம் கிடந்த கம்பை எடுத்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல தாயி?"

"நீங்க கடிகாரத்துக்கிட்ட கேட்டீங்க, இந்த அம்மாகிட்ட கேட்டீங்க. என்கிட்ட மட்டும் கேக்கல. வலிக்கலன்னு வேற சொன்னீங்க."

"நல்லாக் கேளு தாயி," என்றாள் செல்வலட்சுமி. "ஊரையே விசாரிச்சவுக ஆச்சே!"

மலைச்சாமி கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"சந்தேகம் வாரது தப்பில்ல தாயி. அத வாய் தொறந்து கேக்காம, வலியையும் மறைச்சு, நானே தீர்ப்பு எழுதி மெஷின்ல கைய வச்சேன் பாரு, அதான் தப்பு. வைத்தியம் பாக்குறவுககிட்ட சொல்ற ஒவ்வொரு பொய்யும் நம்ம ஒடம்புலதான் வந்து விடியும்."