செழியன் என்றொரு பேர்

பிறந்த பிள்ளைக்கு மீனலோசனி பேர் சொன்ன விதம்தான் அவள் புருசன் கதிர்காமுவுக்குப் பிடிக்கவில்லை. யோசிக்காமல், நெடுநாளாய் வாய்க்குள் வைத்திருந்தது போலச் சொன்னாள்.

"செழியன்."

"அதென்ன பேர்?"

"பாண்டிய ராசாக்களின்ர பேர். செழிப்பானவன் எண்டு கருத்து."

அது 1963ஆம் ஆண்டு. நாரந்தனையில் கந்தையாக்களும் சின்னத்தம்பிகளும் பெற்ற பிள்ளைகள் இளங்கோவாகவும் நெடுமாறனாகவும் ஏணைத் தொட்டிலுக்குள் கிடந்த காலம். அதனால் அவனும் தலையாட்டிவிட்டான். பிறப்புப் பதியப் போகிற வழியில், பக்கத்துத் தோட்டக்கார அப்புத்துரை சொன்னான்: "உன்ர மனிசிக்கு வேலணையிலை படிப்பிச்ச தியாகலிங்க வாத்தியாரும் தன்ர பேரைச் செழியன் எண்டெல்லோ மாத்தினவர்."

அப்புத்துரை சாதாரணமாகத்தான் சொன்னான். கதிர்காமுவுக்கு நெஞ்சில் முள் ஏறிவிட்டது. பதிவுகாரர் பேனையைத் தூக்கியதும், "முருகேசு" என்றான். செத்துப்போன தகப்பனின் பேர். ஒருவரும் குறை சொல்ல முடியாது.

மீனலோசனி பிறப்புப் பதிவுத் துண்டைப் பார்த்தாள். சண்டை பிடிக்கவில்லை.

"மாமாவின்ர பேரை மருமகள் வாயாலை சொல்லக்கூடாது. நான் செழியன் எண்டே கூப்பிடுறன்."

இதை அவன் யோசித்திருக்கவில்லை. பால் கொடுக்கும்போது செழியன், குளிக்க வார்க்கும்போது செழியன். குசினி அடுப்படியிலிருந்து அந்தப் பேர் குழைந்து வரும். புருசன் பேரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டாள். அந்த வாத்தியின் பேரை நாளுக்கு ஐம்பது தரம் சொல்கிறாள்.

பிள்ளை தவழத் தொடங்கிய மாதம் கேட்டேவிட்டான்.

"ஏன் அந்த மனிசன்ர பேர்?"

"என்ர கட்டுரையை வகுப்பிலை வாசிச்சுக் காட்டி, இந்தப் பிள்ளைக்கு நல்ல மூளை எண்டவர். அதுக்கு முந்தியும் பிந்தியும் ஒருத்தரும் எனக்கு அப்பிடிச் சொன்னதில்லை."

பிந்தி என்றதில் தானும் அடக்கம் என்பது அவனுக்கு விளங்கியது. விளங்கியபின் எரிச்சல் இன்னும் கூடியது.

அடுத்த கிழமை வேலணைக்கு பஸ் ஏறினான். வாத்தியார் வீட்டுப் படலையைத் திறந்தது பல் விழுந்த, இருமல்காரக் கிழவர்; அவர்தான் வாத்தியார். மீனலோசனி என்றதும் கண்ணாடியைத் துடைத்தபடி யோசித்தார்.

"எத்தினையோ பிள்ளையள், தம்பி. ஞாபகம் வரேல்லை. குறை நினையாதையும்."

திரும்பி வரும்போது கதிர்காமுவுக்கு அப்படியொரு சந்தோசம். 'அந்தாளுக்கு உம்மை ஆரெண்டே தெரியாது.' பஸ்ஸிலிருந்து இறங்கும்வரை அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அவள் முற்றத்தில் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கை போனனீங்கள்?"

"வேலணைக்கு. உம்மட வாத்தியாரைக் கண்டனான்."

அவள் மெல்ல நிமிர்ந்தாள். கையில் ஒடியல் அப்படியே இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனுக்கு அந்த வசனம் வரவில்லை.

"உம்மை விசாரிச்சவர். நல்ல மூளைக்காரப் பிள்ளை எண்டவர்."

"மெய்யாவோ?"

கலியாணம் முடித்து மூன்று வருசத்தில் அவன் காணாத சிரிப்பு. அதைக் கொண்டுவந்தது அவனுடைய சொல்தான், ஆனால் போய்ச் சேர்ந்தது இன்னொருவனிடம். பின்னேரம் முழுக்கத் தோட்டத்தில் கொத்தின இடத்தையே கொத்திக்கொண்டு நின்றான்.

சாப்பிட இருந்தபோது அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"வேறை என்ன சொன்னவர்?"

அவள் தாய்க்கு எழுதும் கடிதங்களை, மேல்விலாச எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தபாலில் போடுகிறவன் கதிர்காமுதான்.

"உம்மட எழுத்து முத்து முத்தாய் இருக்குமாம்" என்றான், தலை நிமிராமல்.