பொந்தை மூடிய கை

மரங்கொத்திக் குஞ்சின் காலில் அடையாள வளையம் போட ஒரு பருவம் உண்டு. இறகு குருத்து விடும்போதே போட்டுவிட வேண்டும். இறகு விரிந்த பிறகு பொந்துக்குள் கையை விட்டால், குஞ்சு மிரண்டு, பறக்கத் தெரியாமலே வெளியே பாயும். கீழே விழுந்ததைக் காக்கை விட்டுவைக்குமா? பறவைகளுக்கு வளையம் போடும் வேலையிலிருந்த அவள், இதைத் தன் அதிகாரியிடம் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தாள். அந்த மனுஷன் காதில் ஏறினால்தானே! தன் மச்சான் குடும்பம் வேடிக்கை பார்க்க வர வேண்டுமாம், அதற்காக இன்று நாளை என்று இழுத்தடித்தார்.

இன்று வந்துவிட்டார்கள், கழுத்தில் கேமராவோடு.

அவள் ஏணியில் ஏறி, கம்பி நுனியில் கட்டிய குட்டிக் கேமராவைப் பொந்துக்குள் விட்டுப் பார்த்தாள். மூன்று குஞ்சுகளும் முழு இறகோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

"சார், காலம் கடந்துபோச்சு. இப்ப தொட்டா குதிச்சிடும்."

"அட, ஒண்ணே ஒண்ணு எடும்மா. போட்டோ எடுத்துட்டுத் திரும்ப வச்சிடலாம்."

"வச்சிடலாமா? உள்ள இருக்கிறது என்ன உருளைக்கிழங்கா?"

மச்சான் சிரித்துவிட்டார். அதிகாரிக்கு முகம் கறுத்தது. "நீ இறங்கு. நான் எடுக்கிறேன்."

அவள் இறங்கவில்லை. உள்ளங்கையால் பொந்தின் வாயை மூடிக்கொண்டாள். வாய் நிறையப் புழுவோடு வந்த தாய்ப்பறவை பக்கத்துக் கிளையில் நின்று கத்தியது. பாவம், அதற்கு இவள்தான் எதிரி. அவளுக்கு அந்த ஆத்திரமும் அதிகாரி மேலேயே திரும்பியது.

கீழே ஏணியைப் பிடித்திருந்தவன் அவள் புருஷன். அதே அலுவலகத்து டிரைவர். "அடியே, உனக்கென்ன கிறுக்கா? இறங்கித் தொலை. ரெண்டு பேர் பொழப்பும் போயிடும்."

"போனா போகட்டும். வாயை மூடிக்கிட்டு ஏணியைப் பிடிங்க."

"யோவ் டிரைவர்!" அதிகாரி கத்தினார். "ஏணியை ஒரு ஆட்டு ஆட்டு. தானா இறங்குவா."

அவள் குனிந்து பார்த்தாள். புருஷன் இரண்டு கைகளாலும் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏணியில கை வச்சுப் பாருங்க சார்," என்றான். "மேல நிக்கிறவ எம் பொண்டாட்டி."

"நாளையிலேருந்து ரெண்டு பேரும் வேலைக்கு வர வேண்டாம்!"

"சரி. இந்தாங்க சாவி. நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க."

கார் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அவள் கையை எடுத்தாள். தரையில் கால் வைத்ததுமே அவன் திட்டத் தொடங்கினான். "உன்னைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே! இனிமே எங்கடி போய் வேலை தேடுறது?"

"கத்தாதீங்க. தள்ளி வாங்க. தாய்ப்பறவை உள்ள போகணும்."

ஏணியை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு, குரலை அடக்கிச் சண்டை போட்டபடியே இருவரும் தள்ளிப் போனார்கள்.