வாசலில் முட்டிய மேசை

2025 ஜூன் 4, புதன்கிழமை பிற்பகல், கோப்பாய் தெற்கில் உள்ள ஓர் ஒழுங்கையில், ஏழரை அடி விட்டமுள்ள வட்ட மேசை ஒன்று புது வீட்டின் வாசல் நிலையில் முட்டி நின்றது.

பலா மரத்தில் அந்த மேசையைச் செய்தவள் கீர்த்திகா. வீட்டை வரைந்தவளும் அவள்தான். யாழ்ப்பாண நகரில் ஒரு கட்டடக்கலைஞரிடம் பார்த்த வேலையை மாசி மாதம் விட்டுவிட்டு, சண்டிலிப்பாயில் முன்பு புகையிலை உலர்த்திய கொட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தளபாடப் பட்டறை போட்டிருந்தாள். அதுவரை செய்தவை எல்லாம் தன் வீட்டுக்குத்தான். வெளியிலிருந்து வரக்கூடிய முதல் வேலை, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் டொக்டராக இருக்கும் வித்தியாவின் கையில் இருந்தது. அவரும் புது வீடு கட்டுகிறார். மேசை, கதிரைகள், கட்டில்கள், அலுமாரிகள் என்று முழு வீட்டுக்கும் வேண்டும்.

"படத்திலை எல்லாம் வடிவாய்த்தான் இருக்கும்" என்று வித்தியா சொல்லியிருந்தார். "உங்கடை வீட்டுக்குள்ளை வைச்சு, நான் இருந்து சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்லுவன்."

அவரை அழைத்திருந்தது மறுநாள் வியாழக்கிழமை, பால் காய்ச்சிப் புது வீட்டுக்குள் போகும் குடிபூரலுக்கு. அந்த வேலை கிடைக்காவிட்டால் ஆடியில் பழைய இடத்துக்கே திரும்பிப் போவதாகக் கீர்த்திகா கணவன் கோகுலனிடம் சொல்லிவைத்திருந்தாள். கட்டடக்கலைஞர் அவளுடைய மேசையில் இன்னும் வேறு ஆளை இருத்தவில்லை.

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வந்த மேசையைச் சில்லு மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நாலு பேர் உள்ளே போகப் பார்த்தார்கள். விளிம்பு நிலையின் மேற்சட்டத்தில் இடித்தது. இன்னும் சரித்துப் பார்த்தார்கள். இப்போது மேசையின் கால்கள் பக்கச் சட்டத்தில் இடித்தன. கீர்த்திகா அளவு நாடாவை எடுத்து வாசலை அளந்தாள். ஆறடி பதினொரு அங்குலம்.

"கோகுல், நான் கீறினது எட்டடி."

கோகுலன் தாயைப் பார்த்தான். தாய் மகாதேவி முற்றத்துத் தென்னையைப் பார்த்தார்.

"மாமி?"

"என்ன பிள்ளை?"

"வாசல் ஏழடி கூட இல்லை."

"ஆறு பதினொண்டு" என்றார் மகாதேவி. "சாத்திரி போட்ட கணக்கு. கோகுலன்ரை நட்சத்திரத்துக்கு எட்டடி நிலை கூடாதாம். மேசனிட்டைச் சொன்னன். அவரும் ஓமெண்டிட்டார்."

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"சொன்னால் நீ விட்டிருப்பியோ?"

விட்டிருக்கமாட்டாள். நிலைக்கு மேலே கஜலட்சுமி செதுக்கிய பலகை ஒன்று பொருத்தியதற்கே அவள் ஒரு கிழமை சண்டை பிடித்தவள். நேர்கோடுகளால் வரைந்த வீட்டின் முகப்பில் யானைகள் எதற்கு என்று கேட்டாள், கடைசியில் விட்டுக்கொடுத்தாள். குறைந்த உயரத்தை நிரப்பத்தான் அந்தப் பலகை வந்தது என்று அவளுக்குத் தோன்றவில்லை. யானைகளை எதிர்த்துச் சண்டை பிடித்தவள் வாசலை அளக்கவில்லை.

"நிலையைக் கழட்டினால் என்ன?" என்று கோகுலன் மெல்லக் கேட்டான்.

"அடியிலை பவுண் வைச்சு, நேரம் பார்த்து நாட்டின நிலையைக் கழட்டப்போறியோ? விடிஞ்சால் பால் காய்ச்சிற வீட்டிலை?"

"அப்ப மேசைக் காலைக் கழட்டுவம்."

"கழட்டேலாது" என்றாள் கீர்த்திகா. "துளைச்சுச் செருகி, ஆப்பு இறுக்கி, பசை போட்டது. ஒரு ஆணி இல்லை."

"ஒரு ஆணி இருந்திருந்தால் நல்லாயிருக்கும்."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் பந்தல்காரருக்குத் தேத்தண்ணி கொடுக்கப் போய்விட்டான். கீர்த்திகா மேசை விளிம்பில் சாய்ந்து நின்று வீட்டை மனதில் ஒருமுறை சுற்றி வந்தாள். பின்கதவு முன்வாசலைவிடச் சிறியது. யன்னல் எல்லாவற்றுக்கும் இரும்புக் கம்பி போட்டாயிற்று. மேசையை வெளியே பந்தலுக்குள் வைக்கலாம். ஆனால் வித்தியா வீட்டுக்குள்தான் பார்க்கவேண்டும் என்றார். வீட்டுக்குள் போகாத மேசையைச் செய்தவளிடம் யார் கட்டில் கேட்பார்கள்?

பந்தலுக்கு மேலே தடி கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சிவதர்ஷன் இறங்கி வந்தான். ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் வாகனம் காவும் பெடியளுக்கு அவன்தான் தலைவன். மேசையை ஒருமுறை சுற்றி வந்து, அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தான்.

"அண்ணி, நடு முற்றத்துக் கண்ணாடிக் கதவு எத்தினை அடி?"

"எட்டு. அகலம் பத்து."

"அதைப் பெரியம்மா குறைக்கேல்லையோ?"

"அது வாசலே?" என்றார் மகாதேவி. "அது பெரிய யன்னல்."

சாப்பாட்டு அறைக்கும் முற்றத்துக்கும் நடுவே இழுத்துத் திறக்கும் அந்தக் கண்ணாடிக் கதவு இருந்தது. முற்றத்துக்கு மூன்று பக்கம் வீடு, நாலாவது பக்கம் ஒழுங்கையோரமாக எட்டடி மதில். அதில் படலையோ கதவோ இல்லை.

"மதிலுக்கு மேலாலை எடுப்பம்" என்றான் சிவதர்ஷன். "எங்கடை மூஷிக வாகனத்திலை இது பாதிப் பாரம். அதிலை ஐயரும் நிண்டுகொண்டு வருவார்."

கைத்தொலைபேசியில் இரண்டு பேரைக் கூப்பிட்டான். பத்துப் பேர் வந்தார்கள். வாகனம் காவும் கோயில் தண்டைக் கேட்டால் ஐயர் ஏசுவார் என்பதால் பந்தல் தடிகளையே எடுத்தார்கள். மேசையைக் கவிழ்த்து, சாக்கு விரித்த இரண்டு நீளத் தடிகளின்மேல் கிடத்திக் கயிற்றால் கட்டினார்கள். மதிலுக்கு வர்ணம் பூசக் கட்டிய சாரம் இன்னும் கழற்றப்படவில்லை. அதில் பாதியைப் பிரித்து முற்றத்துப் பக்கம் நிறுத்தினார்கள்.

கோபுர வாசலில் சுவாமியைச் சரிக்காமல் வெளியே எடுக்கப் பழகிய தோள்கள் அவை. முன்னால் நிற்பவர் தாழும்போது பின்னால் நிற்பவர் உயரவேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சிவதர்ஷன் மதில்மேல் குந்தியிருந்து கத்தினான்.

"முன்னுக்கு நில்! கஜீவன், உனக்குச் சுவாமி இல்லையெண்ட நினைப்போ? ஒழுங்காப் பிடி! ஏத்து... இன்னும் ஏத்து!"

மேசை மதிலுக்கு மேலே எழும்பியதும் யாரோ பழக்கத்தில் "அரோகரா!" என்றான். பத்துப் பேரும் சொன்னார்கள். ஒழுங்கையில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, என்ன வருகிறது என்று பாராமலே கும்பிட்டார்.

"மேசைக்கு அரோகரா சொல்லாதேங்கோடா!" என்று மகாதேவி சத்தம் போட்டார். ஆனால் மேசை முற்றத்தில் இறங்கி, நிமிர்ந்து, கண்ணாடிக் கதவினூடாக எங்கும் இடிபடாமல் உள்ளே போய் நின்றபோது முதலில் பக்கத்தில் போனவரும் அவர்தான். குங்குமச் சிமிழைத் திறந்து அதன் விளிம்பில் ஒரு பொட்டு வைத்தார்.

"அழிச்சுப்போடாதை, பிள்ளை."

"இல்லை, மாமி."

மதிலில் வர்ணம் உரிந்த இடத்தில் மாவிலைத் தோரணம் தொங்கவிட்டார்கள்.

மறுநாள் பால் பொங்கியது, கிழக்குப் பக்கமாக. மத்தியானச் சாப்பாட்டுக்கு வித்தியா வந்து கதிரையில் அமர்ந்தார். முதுகைச் சாய்த்துப் பார்த்தார். குனிந்து மேசைக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். மேசையின் நடுவே கீர்த்திகா செய்து வைத்திருந்த சுழலும் தட்டில் சொதி தன்னிடம் வருமுன் எதிரே இருந்தவர் அதை இரண்டு தடவை திருப்பி எடுத்துக்கொண்டார். மூன்றாம் தடவை வித்தியா தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

சாப்பிட்டு முடிந்ததும் அவர் மேசையைப் பார்த்தார். திரும்பி வாசலைப் பார்த்தார்.

"கீர்த்திகா, இது எப்பிடி உள்ளுக்கை வந்தது?"

வடை பரிமாறிக்கொண்டிருந்த சிவதர்ஷன் நின்றான். கீர்த்திகாவின் காது சிவந்தது. அளவு பிழைத்துவிட்டது என்று சொல்வதைவிட வேறு எதையும் சொல்லிவிடலாம் போலிருந்தது.

"நான்தான் வாசலைச் சின்னனாக்கினனான், டொக்டர்" என்றார் மகாதேவி. "பிள்ளை எட்டடிதான் கீறினது. நான் சாத்திரியிட்டைப் போய்க் குறைச்சுப்போட்டன். உவங்கள்தான் மதிலாலை காவிக்கொண்டு வந்தவங்கள்."

"எந்தச் சாத்திரி?"

மகாதேவி பெயரைச் சொன்னார். வித்தியாவின் முகத்திலிருந்த சிரிப்பு சட்டென்று நின்றது. கை கழுவாமலே இடக்கையால் தொலைபேசியை எடுத்தார்.

"அம்மா, எங்கடை வாசல் நிலை எத்தினை அடி?... இல்லை, நான் கீறுவிச்சது எனக்குத் தெரியும். மேசன் வைச்சது எத்தினை?... அம்மா? கேக்குதோ?"

மறுமுனையிலிருந்து நீளமாக ஏதோ விளக்கம் வந்தது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். மகாதேவிதான் எல்லோரிலும் சத்தமாகச் சிரித்தார்.

வித்தியா தொலைபேசியை வைத்தார். "எனக்கும் வட்டமாத்தான் வேணும்" என்றார். "ஆனால் எங்கடை வீட்டிலை நடு முற்றம் இல்லை."

தெல்லிப்பழைக்கான மேசையின் மேற்பலகை இரண்டு பாதியாகவும் கால்கள் தனியாகவும் செய்யப்பட்டன. வரையும் முன் கீர்த்திகா தானே போய் வாசல் நிலையை அளந்தாள். ஆறடி பத்து அங்குலம். ஆவணியில் மேசை அந்த வாசலால் உள்ளே போனது.