மொத்தம் மட்டும்

அக்காவிடம் ஒரு மதிப்பெண் கூடுதலாக வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று அவள் பள்ளிக்கூடத்தில் பேச்சு. கணக்கு டீச்சர். மற்ற டீச்சர்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அரை மதிப்பெண்ணாவது போட்டுவிடுவார்கள், அக்கா போடமாட்டாள். தலைமையாசிரியரின் மகனையே மூன்று மதிப்பெண்ணில் ஃபெயிலாக்கிவிட்டு, மறுநாள் அவரிடமே போய் லீவு கேட்டவள். அப்படிப்பட்டவள், "உன் தாளை நானே திருத்தறேன்டி" என்று சொன்னபோது தங்கைக்குத் தலைகால் புரியவில்லை.

தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். மைக்ரோஸ்கோப்பில் அணுக்களை எண்ணி எழுதிக் கொடுப்பாள். எண்ணுவதோடு அவள் வேலை முடிந்தது, அதை வைத்து யோசிக்கிற வேலை மேல்மாடிக்காரர்களுக்கு. ஐந்து வருடமாக எண்ணி எண்ணி அவளுக்குப் புளித்துவிட்டது. மேல்மாடிக்குப் போக மேற்படிப்பு வேண்டும், மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், எழுபத்தைந்து எடுத்தால் இடம் நிச்சயம். பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் எழுதிவிட வேண்டும் என்று ஒரு விதி. அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. படிப்பு வேறு ஊரில், இரண்டு வருடம்.

வீட்டில் அப்பா இருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. காலையில் அக்கா பள்ளிக்கூடம் கிளம்பினால், எழுப்புவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் தங்கை. சாயங்காலம் அக்கா செருப்பைக் கழற்றும்போது தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்கு ஓடுவாள். நடுவில் கிடைக்கிற நேரத்தில் அப்பாவின் கட்டில் ஓரமாக உட்கார்ந்துதான் படித்தாள். "படி, படி, நல்லாப் படி" என்று வாய் கோணியபடி அவரும் சொல்வார்.

பயிற்சிப் புத்தகம் வந்த அன்றே அக்கா பின்னால் இருந்த விடைப் பக்கங்களைச் சரக்கென்று கிழித்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"தன் தாளைத் தானே திருத்தறவ தனக்கே சலுகை குடுத்துக்குவா. எது சரி, எது தப்புன்னும் கேக்காத. சொன்னா அதை மனப்பாடம் பண்ணுவ. மொத்தம் மட்டும் சொல்லுவேன்."

தங்கைக்கு அந்தக் கறார் பிடித்திருந்தது. ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதிரித் தேர்வு. அக்கா எதிரில் கடிகாரத்தோடு உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். நேரம் முடிந்ததும் தாளைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய், கால் மணி நேரம் கழித்து வெளியே வருவாள். ஐம்பத்தெட்டு. அடுத்த வாரம் அறுபது. அப்புறம் ஐம்பத்தொன்பது.

எழுதும்போது கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய விடைகள் அவை. அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனால் மொத்தம் அறுபதைத் தாண்டவே மாட்டேன் என்றது. தனக்குச் சரியென்று படுவதெல்லாம் தப்பு போலிருக்கிறது என்று அவள் நினைக்க ஆரம்பித்தாள். வேலையிலும் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. ஒரே ஸ்லைடை மூன்று தடவை எண்ணினாள்.

பன்னிரண்டாவது தேர்வு முடிந்த வாரம், வெள்ளிக்கிழமை, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு, அனுப்பாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா பண்ணட்டும்?"

"உன் இஷ்டம். அறுபது வாங்கறவ அங்க போய் உக்காந்து மூக்கு உடைபடணுமா, யோசிச்சுக்கோ." அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். "எல்லாருக்கும் எல்லாம் வந்துடாதுடி."

தங்கை கம்ப்யூட்டரை மூடினாள். அன்று அக்கா மடியில் படுத்து அழுதாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அவளுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் எரிந்தது.

இனி எதற்கு என்று புத்தகத்தைப் பரிசோதனைக் கூடத்தில் பக்கத்து மேசைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அடுத்த வருடம் எழுதுகிற எண்ணம். நாலு நாள் கழித்து, ஷிஃப்ட் ஆரம்பிக்கிற நேரத்தில் அவள் சண்டைக்கு வந்தாள்.

"நல்ல புக்கு குடுத்தீங்க போங்க! எல்லாக் கேள்விலயும் விடைக்குப் பக்கத்துல பென்சில் புள்ளி. நான் எப்படிப் பயிற்சி பண்றது?"

"அதெல்லாம் நான் போட்டது. தாள்ல எழுதறதுக்கு முன்னாடி புள்ளி வைக்கற பழக்கம். தப்பாத்தான் இருக்கும், அழிச்சுட்டு எழுதுங்க."

"தப்பா? விடைப் பக்கம் இல்லையேன்னு என் ஃப்ரெண்டுகிட்ட ஜெராக்ஸ் வாங்கி ஒத்துப் பார்த்தேனே. முதல் தேர்வுல எண்பத்தி மூணு சரி. கடைசித் தேர்வுல எண்பத்தெட்டு."

தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெராக்ஸை வாங்கிப் புள்ளிகளை எண்ணினாள். எண்ணுவது அவள் தொழில். எண்பத்தெட்டுதான். தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அக்கா கூடத்தில் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தாள், கையில் சிவப்புப் பேனா. உள்ளே கட்டிலில் அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"என் தாளெல்லாம் எங்கக்கா?"

ஜெராக்ஸைப் பார்த்ததும் அக்கா முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய், பீரோவைத் திறந்து, பன்னிரண்டு தாளையும் கொண்டுவந்து வைத்தாள். தங்கை புரட்டிப் பார்த்தாள். ஒன்றில்கூடச் சிவப்பு மையே இல்லை. சரியும் இல்லை, தப்பும் இல்லை.

"நீ திருத்தவே இல்லையா?"

"தப்பாத் திருத்த எனக்குக் கை வராதுடி" என்றாள் அக்கா. "திருத்தினா உள்ளதைத்தான் போடணும். அதான் வாயால சொன்னேன்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் கௌரவம் இருந்தது. அதைத்தான் தங்கையால் தாங்க முடியவில்லை. தாள்களை அள்ளிக்கொண்டு நேரே அப்பாவிடம் போனாள். இந்த வீட்டில் தனக்காகப் பேச ஓர் ஆள் உண்டென்று நம்பிப் போனாள், பாவம்.

"அப்பா, அக்கா என்ன பண்ணிருக்கா பாருங்க."

அப்பா தாள்களைப் பார்க்கவில்லை. என்ன தாள் என்று கேட்கவுமில்லை.

"அவளைத் திட்டாதம்மா" என்றார் மெதுவாக. "நான்தான் மார்க்கைக் குறைச்சுச் சொல்லச் சொன்னேன். என்னை வேத்தாள் கையில விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயம்."

தங்கை கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா. இருடின்னு ஒரு வார்த்தை. நான் இருந்திருப்பேனே."

"இருந்திருப்ப. தெரியும்." அவர் சுவரைப் பார்த்தார். "எனக்காக வாழ்க்கையை விட்டவளேன்னு தினமும் உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு, உன் கையால சோறு திங்க முடியுமா என்னால?"

அதாவது, அவள் விட்டுக்கொடுத்து இருந்தால் அவருக்குத் தொண்டையில் இறங்காது. தன்னை மக்கு என்று நம்பிக்கொண்டு இருந்தால் இறங்கும். மூன்று மாதமாக நன்றாகவே இறங்கியது.

அவள் அழவில்லை. தன் அலமாரியிலிருந்து துணிகளை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அக்கா வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"எங்கடி போற? நாளைக்குக் காலைல அப்பாவை யார் பார்க்கறது?"

"நீ லீவு போடு." தங்கை செருப்பை மாட்டினாள். "காலைல அப்பாவுக்கு ஆறு மாத்திரை. பிரிச்சு, கையில போட்டு, எண்ணிக் குடு. வாயால சொல்லிட்டு வந்துடாத."